பொத்துவிலில் ஒப்படைத்த வீடு

ஹாலிஎலயில் என் போட்டோகொப்பி கடைக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காணி கிடக்கிறது. பண்டாரவளை ஸரூக் முதலாளிக்குச் சொந்தமானது. போன வருஷம் கிட்டத்தட்ட முழுக்க அந்தக் காணியில் ஒரு கரவன் வண்டி நின்றது. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்து, ஊர் சுற்றி, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்புகிற வண்டி. அதில் தம்பையாவும் அவருடைய மனைவி சிவசக்தியும் மகள் யசோதினியும் பதினொரு மாதம் குடியிருந்தார்கள்.

தம்பையாவைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. யாரும் எழுதப்போவதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அதனால் நானே எழுதுகிறேன். அவருக்காக நான் எழுதிய மற்றக் கடிதங்களால் ஒரு பிரயோசனமும் வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல்கணக்குப் பிரிவில், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிப்போகிற லொறியில் கிளீனராக ஏறினார். அங்கேயே ஓட்டப் பழகி, அங்கேயே டிரைவர் ஆனார். பிறகு ஸரூக் முதலாளி ‘ரோசா’ என்கிற பழைய சின்ன பஸ் ஒன்றை வாங்கி, சீட்டெல்லாம் கழற்றி, பின்னால் கட்டிலும் நடுவில் இரண்டு அடுப்பும் ஒரு சின்ன பேசினும் வைத்து, கூரையில் தண்ணீர்த் தாங்கியும் பூட்டி, கரவனாக மாற்றியபோது அதற்கு டிரைவராக தம்பையாவைக் கூப்பிட்டார். ஒன்பது வருஷம் ஓட்டினார்.

ஒன்பது வருஷமும் ஏறக்குறைய ஒரே பாதைதான். எல்ல, ஹப்புத்தளை, பதுளை, அப்படியே பசறை வழியாக இறங்கி மொனராகலை, சியம்பலாண்டுவ, கடைசியில் பொத்துவில் கடல். எந்த வளைவில் நிறுத்தினால் வெள்ளைக்காரர் "ஆ" என்று வாயைத் திறப்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. ராத்திரியில் அவர்கள் உள்ளே கட்டிலில் படுக்க, இவர் டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குவார். "அந்தக் கட்டில்ல நான் ஒருநாள்கூட உக்காந்தது இல்ல ஷிபான் தம்பி. பெட்சீட்ட மாத்தறப்பகூட நின்னுக்கிட்டேதான் மாத்துவேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

முந்தின வருஷக் கடைசியில் அவர்களுடைய தோட்டத்தில் மண் சரிந்தபோது அவர் பொத்துவிலில் நின்றார். ஒரு ஜேர்மன் தம்பதிக்கு கடற்கரையில் மேசை விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். இங்கே நாலு நாளாக விடாத மழை. காலை பத்து மணி. கொழுந்து வேலை இல்லையென்று சிவசக்தி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். யசோதினி லயத்து வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதும் அந்தப் பெண் துவாயோடு ஓடினாள். அவர்களுடைய ஒற்றையறைக் காம்பராவில் பாதிக்குமேல் சேறு. அடுத்த மூன்று காம்பராக்கள் இருந்த இடமே தெரியவில்லை. ஐந்து பேர் போனார்கள். பக்கத்துக் காம்பரா கருப்பம்மாவை இன்றுவரை எடுக்கவில்லை.

வீதிகளெல்லாம் அடைபட்டு, தம்பையா வந்துசேர மூன்று நாள் ஆனது. வந்து, பாடசாலைக் கட்டடத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்த மனைவியையும் மகளையும் பார்த்தார். சிவசக்திதான் சொன்னாள். "வந்தாரு, எங்க ரெண்டு பேரு காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. அவ்வளவுதான்."

மூன்று கிழமையில் பாடசாலை திறக்கவேண்டுமென்றார்கள். லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்றால் குறி போட்டிருந்தார்கள், இனி அங்கே குடியிருக்கக்கூடாது என்று. சிலர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். சிலர் அதே லயத்துக்குத் திரும்பிப் போனார்கள். ஸரூக் முதலாளி நல்ல மனுஷன். "வெள்ளக்காரன் எவனும் இப்ப வரப்போறதில்ல. வண்டி சும்மாதான நிக்கிது. ஹாலிஎல காணியில விட்டு அதுல இருங்க" என்றார்.

அப்படித்தான் அவர்கள் என் அயலவர்கள் ஆனார்கள்.

வண்டியின் வெளிப்பக்கம் பூராவும் மலையும் கடலும் தென்னைமரமும் வரைந்திருக்கும். அந்தத் தென்னைமரத்துக்கும் என் கடைத் தூணுக்கும் இடையில் கொடி கட்டி சிவசக்தி துணி காயப்போடுவாள். விடியற்காலை பஸ்ஸில் தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்கப் போய், பொழுதுசாயத் திரும்புவாள். குழாய்த் தண்ணீர் என் கடைக்குப் பின்னால். கக்கூசும் என்னுடையதுதான். யசோதினி பகலில் வண்டிக்குள் உட்கார்ந்து படிப்பாள். உயர்தரப் பரீட்சை எழுதியவள். மண் சரிந்து ஒன்றரை மாதத்தில் எழுதியது. மூன்று பாடத்தில் ஒன்று போய்விட்டது. அடுத்த தடவை எழுதுவதாக மனுப் போட்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பொடியனும் பெட்டையும் முதுகுப்பையோடு வந்து வண்டிக் கதவைத் தட்டினார்கள். வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். யசோதினி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இல்லை, இது எங்கள் வீடு என்று சொன்னாள். அந்த வெள்ளைக்காரப் பெட்டை முகமெல்லாம் மலர்ந்து, எவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் நீங்கள், எங்களுக்கும் இப்படி வாழத்தான் ஆசை என்று சொல்லி, சிவசக்தியைக் கொடியோடு நிறுத்தி ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனாள். சிவசக்தி என்னிடம் வந்து, "என்னத்தச் சொல்லிட்டுப் போறாங்க தம்பி?" என்று கேட்டாள். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "வண்டி வடிவாம்" என்றேன்.

காணி கொடுக்கப்போகிறார்கள் என்று மாசியில் செய்தி வந்தது. வீடிழந்த குடும்பத்துக்கெல்லாம் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும். படிவத்தை நான்தான் நிரப்பினேன். இப்போது வசிக்கும் இடம் என்ற வரி வந்தபோது பேனையை நிறுத்தினேன்.

"என்ன அண்ணே போடுவம்?"

"உள்ளதப் போடுங்க தம்பி. பொய் எழுதி நாளைக்கு மாட்டிக்கக்கூடாது."

உள்ளதைப் போட்டேன். வாகனமொன்றில் வசிக்கிறார்கள் என்று சிங்களத்தில் எழுதினேன். அதைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும் என்று நினைத்தேன். பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வந்தார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பேசின் குழாயைத் திருகிப் பார்த்தார். ஜன்னல் சீலை அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். சிவசக்தி அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

ஆனியில் பட்டியல் வந்தது. தம்பையா பெயர் இல்லை. பக்கத்தில் காரணம் போட்டிருந்தது: மாற்று வசிப்பிடம் உண்டு.

இரண்டு மேன்முறையீடு எழுதினேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும். தம்பையா என்மீது ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான் எழுதிய அந்த ஒரு வரியால்தான் போனது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஐப்பசி பிறந்து ஒரு பின்னேரம் ஸரூக் முதலாளி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். கொழும்பில் மகள் ஸிஹாமா வீட்டோடு போய் இருக்கப்போவதாகவும், இங்கே உள்ளதையெல்லாம் விற்பதாகவும் சொன்னார். வண்டியில் ஏறவில்லை. என் கடை வாங்கில்தான் உட்கார்ந்தார்.

"தம்பையா, பொத்துவில்ல பஸீல் எண்டு ஒருத்தர். கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கார். அவருக்குக் குடுத்துட்டேன். எனக்கு உங்க முகத்தப் பார்க்க ஏலாம இருக்கு."

"நீங்க என்ன முதலாளி செய்வீங்க. ஒடம்பப் பாருங்க."

"வண்டியக் கொண்டுபோய் விடணும். வேற டிரைவரத் தேடவா?"

"வேற ஆளு வேணாம். நானே கொண்டுபோறேன்." பிறகு தம்பையா கேட்டார். "இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகவா முதலாளி? ஒரு தடவ."

ஸரூக் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை என்றார்.

சிவசக்திக்கு விருப்பமே இல்லை. "குடியிருந்த வீட்ட ஓட்டிக்கிட்டுப் போய் இன்னொருத்தன்கிட்ட குடுத்துட்டு வர்றதுக்கு ஊர்வலமா?" என்று கேட்டாள். யசோதினிதான் போகலாம் என்றாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண் பதுளை, பண்டாரவளை, ஒருதரம் கண்டி, அவ்வளவுதான் பார்த்திருக்கிறாள்.

சட்டி பானை, உடுப்பு, சாமிப்படம், புத்தகம் எல்லாவற்றையும் நாலு உரப்பையில் கட்டி என் கடைப் பின்னறையில் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்து, நீளச் சதுரமாக ஒரு தடம் கிடந்தது. இனிமேல் நான் சொல்வதெல்லாம் அவர்கள் மூன்று பேரும் பிறகு வெவ்வேறு நாட்களில் என்னிடம் சொன்னது.

பதுளை தாண்டி பசறை ரோட்டில் ஏறியதும் தம்பையாவுக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து, இடக்கை நீட்டிக் காட்டத் தொடங்கினார். அந்தா நமுனுகுல மலை, எந்நேரமும் தலையில் முக்காடு மாதிரி மேகம். இந்தா மிளகுக்கொடி. அங்கே தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி விழுகிறதே, அது பேரில்லாத அருவி, மழைக்கு மட்டும் வரும். ஓரிடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"இந்த எடத்துல எல்லாரையும் எறக்குவேன். அரை மணித்தியாலம் நிப்பாங்க."

இறங்கிப் பார்த்தார்கள். கீழே பள்ளத்தாக்கு மடிப்பு மடிப்பாகப் பச்சை. நடுவில் ஆறு. தேயிலைக்குள் லயங்கள் தீப்பெட்டி அடுக்கியதுபோல. காலை வெயில் ஒரு பக்கச் சரிவில் மட்டும் விழுந்திருந்தது.

"இங்கேருந்து பார்த்தா லயம்கூட வடிவா இருக்குப்பா" என்றாள் யசோதினி.

சிவசக்தி பச்சையைப் பார்க்கவில்லை. விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "அங்க எறங்கியிருக்கு பாரு. செம்மண்ணு தெரியுதில்ல. அதுக்கு மேல இன்னொண்ணு. அந்த லயத்துக்கு நேர மேல வெடிச்சு நிக்குது, பார்த்தீங்களா? இந்த மழைக்கு அது நிக்காதுங்க."

தம்பையா பார்த்தார். ஒன்பது வருஷமாக ஆட்களை இறக்கிக் காட்டிய இடம். அந்தச் செம்மண் கோடுகள் சிலது அவர்கள் லயம் சரிந்த மழையில் விழுந்தது, சிலது அதற்கும் முந்தியது. "நான் இதையெல்லாம் பார்த்ததே இல்ல தம்பி" என்று என்னிடம் சொன்னார். "வர்றவங்க எங்க பார்ப்பாங்களோ, அங்கதான் நானும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அங்கேயே சிவசக்தி அடுப்பைப் பற்றவைத்தாள். மாவு குழைத்து வைத்திருந்தாள். ரொட்டி சுட்டு, சம்பலோடு சாப்பிட்டு, சாயத் தண்ணி குடித்தார்கள். அடுப்பை அணைத்த பிறகு பழைய பல் பிரஷ்ஷால் அதன் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துத் துடைத்தாள். "ஊருக்குப் போய்த் துடைச்சுக்கலாம்னு விட முடியாதில்ல" என்றாளாம்.

மொனராகலைக்கு இறங்க இறங்க புழுக்கம் ஏறியது. றப்பர்த் தோட்டம் முடிந்து கரும்பு வந்தது. சியம்பலாண்டுவ தாண்டி, சேனைப் பயிருக்குக் காடு எரித்த கறுப்பு நிலங்களைக் கடந்து, லாகுகல காட்டுக்குள் நுழைந்தபோது மழை பிடித்தது. வீதிக்குக் குறுக்கே ஒரு கொம்பன் நின்றது. முன்னால் இரண்டு லொறியும் ஒரு பஸ்ஸும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன. தம்பையாவும் நிறுத்தினார். கூரையில் மழை. முன்னால் ஆனை. இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

அப்போதுதான் யசோதினி கேட்டாள். "அப்பா, பதுளை ரூம் சாவிய என்னைக்குத் தர்றாங்க?"

பதுளையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையைப் பேசிவைத்திருப்பதாகத் தம்பையா சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் வீட்டில் யாரும் அழாமல் மூட்டை கட்டினார்கள்.

தம்பையா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இல்ல புள்ள."

"என்னது இல்ல?"

"அந்த ரூம். வீட்டுக்காரரோட தம்பிக்கு வேணுமாம். போன வாரமே சொல்லிட்டாரு."

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த சிவசக்தி எழுந்து முன்னால் வந்தாள். "போன வாரமே தெரியுமா?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் மலையக் காட்றேன் அருவியக் காட்றேன்னு கூட்டியாந்தீங்களா?"

"பின்ன எப்ப காட்றது சக்தி?" என்றார் தம்பையா. "வேற எடம் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். வெலிமடையில மரக்கறி ஸ்டோர்ல படுத்துக்கிட்டு லொறி ஓட்டலாம்னு பழைய முதலாளி சொல்றாரு. எனக்கு மட்டும்தான் சொல்றாரு."

சிவசக்தி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று தம்பையா சொன்னார். அவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றபடி கணக்குப் பார்ப்பதுபோல் மெதுவாகச் சொன்னாளாம். "தங்கச்சி காம்பராவுல எட்டுப் பேரு. நான் ஒருத்தின்னா எங்கயாவது மூலையில சுருண்டுக்கலாம். புள்ளைய எங்க படுக்க வைக்கிறது?"

ஆனை வீதியோரத்து மரக்கிளையை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தன்பாட்டில் காட்டுக்குள் இறங்கிப் போனது.

பொத்துவிலுக்கு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சீசன் முடிந்திருந்தது. கடற்கரைக் கடைகள் ஓலை சாத்திக் கிடந்தன. பஸீல் கட்டையான, சிரித்த முகமுள்ள மனிதர். வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே ஏறி, பேசினைத் தொட்டு, "புதுசு மாதிரியல்லவா வெச்சிருக்கீங்க" என்றார். அதைக் கேட்டு சிவசக்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருடைய மனைவி றஷீதா வந்து, "இண்டைக்கு ராவைக்கு வண்டியிலயே இருங்க. நாளைக்குக் காலையில தந்தாப் போதும். முதல்ல சாப்பிட வாங்க" என்று கூட்டிப்போனாள். மீன்குழம்பும் சோறும். யசோதினி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

பொழுதுபடுமுன் சிவசக்தியை றஷீதா கடலைப் பார்க்கக் கூட்டிப்போனாள். நாற்பத்தைந்து வயதில் முதல்தடவை. சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. சிவசக்தி தண்ணீருக்குள் கால் வைக்கவில்லை. அலை வந்து நின்ற கோட்டையும் கெஸ்ட் ஹவுஸ் மதிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ஏறி வந்துறாதா?"

"வந்ததுதானே. சுனாமியில எங்கட உம்மா போனது இந்த இடத்துலதான்" என்றாள் றஷீதா.

"அதுக்குப் பொறகும் இங்கயேவா வீடு கட்டுனீங்க?"

"வேற எங்க போற?"

இரண்டு பெண்களும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கடலைப் பற்றி சிவசக்தி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அழகா இருந்ததா என்று நான் கேட்டதற்கு, "பெருசா இருந்துச்சு" என்றாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது யசோதினி குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் கழுவச் சொல்லவில்லை. றஷீதா பதறிப்போய் விடுங்கள் மகள் என்றாள். யசோதினி கையைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இங்க வேலைக்கு ஆள் வேணுமா அன்ரி?"

றஷீதா அந்தப் பெண்ணின் தாயைப் பார்த்தாள். தாய் மகளைப் பார்த்தாள்.

"மார்கழிக்கு லோக்கல் ஆக்கள் சுத்திப் பார்க்க வந்து தங்குவாங்க, வேணும்தான்..." என்று இழுத்தாள் றஷீதா. "மகள் இங்கிலீஷ் பேசுவீங்களா?"

"கொஞ்சம். எழுதுவேன். கம்பியூட்டரும் தெரியும். தங்க எடம் தருவீங்களா?"

"என்ட மகள் முஹ்ஸினாட ரூம் இருக்கு. அவ கலியாணம் முடிச்சுப் போயிட்டா."

தனக்கென்று ஓர் அறை. கதவு உள்ள அறை. யசோதினி அதைப் போய்ப் பார்க்கவும் இல்லை. "நான் நிக்கிறேன்" என்றாள்.

தம்பையா அப்போதுதான் உள்ளே வந்தார். விஷயம் தெரிந்ததும் முதலில் கோபப்பட்டார். பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது, வண்டிக்குள் உட்கார்ந்து ராப்பகலாகப் படித்தது என்னத்துக்கு என்று கேட்டார்.

"பரீட்சை பதுளையிலப்பா. மூணு வாரம் நான் எங்க இருந்து படிக்கிறது? எங்க இருந்து போய் எழுதறது? சொல்லுங்க, எழுதறேன்."

சிவசக்திதான் முடித்துவைத்தாள். "விடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அவளுக்கு ஒரு கதவு குடுக்க முடியல. குடுக்கறவங்கள வேணாம்னு சொல்லவா?" அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் ஜன்னல் சீலைகளைக் கழற்றித் துவைக்கத் தொடங்கினாளாம். அழுக்காக ஒப்படைக்கக்கூடாதென்று.

மறுநாள் காலை தம்பையா சாவியையும் வண்டிப் புத்தகத்தையும் பஸீலிடம் கொடுத்தார். எந்தக் கியர் கொஞ்சம் இறுகும், தாங்கியில் எவ்வளவு தண்ணீர் விடலாம், கட்டிலுக்குக் கீழ்ப் பலகை எங்கே ஆடும் என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். பஸீல் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சீசனுக்கு டிரைவராக வாங்களன்" என்றார். "அதுவரைக்கும் என்ன செய்யறது ஐயா?" என்று தம்பையா கேட்டார். சீசனுக்கு ஆறு மாதம் இருந்தது. ஆறு மாதம் இரண்டு பேரைச் சும்மா வைத்திருக்க பஸீலாலும் முடியாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மொனராகலை பஸ்ஸுக்கு யசோதினி கூடவே வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சிவசக்தி ஜன்னலால் கையை நீட்டி மகளுடைய கையைப் பிடித்தாள். ராத்திரிக்குக் கதவைப் பூட்டிக்கொள், தலைக்கு எண்ணெய் வை, கடலில் இறங்காதே. மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ் எடுத்தவுடன் விறுவிறு என்று திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அம்மா இறங்கிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும் என்று தம்பையா சொன்னார்.

அன்று பின்னேரம் என் கடைக்கு வந்து உரப்பைகளைப் பிரித்தார்கள். அவருடையது ஒரு பை, அவளுடையது ஒரு பை என்று. மீதியை நான் வைத்திருக்கிறேன். அவர் வெலிமடை பஸ்ஸில் ஏறினார். அவள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். எந்தப் பஸ் முதலில் வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணியவர்கள். இரண்டு பேரும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பையோடு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

யசோதினி பரீட்சை எழுதவில்லை. சிவசக்தி தங்கச்சி காம்பராவில் அடுப்படி மூலையில் படுக்கிறாள். அந்த லயத்துக்கும் மேலே வெடிப்பு உண்டு. மழை பெய்தால் ஒன்பது பேரும் படுக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். தங்கச்சி புருஷன் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவள் சாப்பிட உட்காரும்போது எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று ஒருநாள் சொன்னாள். தம்பையா வாரத்தில் ஐந்து நாள் தம்புள்ளைக்கு லீக்ஸ் ஏற்றிப்போகிறார். ஸரூக் முதலாளி மார்கழியில் மௌத்தாகிவிட்டார். மையத்தைப் பண்டாரவளைக்குக் கொண்டுவந்து அடக்கியபோது தம்பையா லொறியோடு வந்தார். தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் அடுத்த கட்டத்துக்கு இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க தம்பி" என்றார், மறுத்தால் நான் வருத்தப்படுவேன் என்பதற்காகச் சொல்வதுபோல.

தைப்பொங்கலுக்கு யசோதினிக்கு ஒருநாள் லீவு கொடுத்தார்கள். விடியற்காலை பஸ் பிடித்து பதுளைக்கு வந்தாள். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். போன பொங்கலுக்கு வண்டிக்கு முன்னால் கல் வைத்துப் பொங்கி எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து தந்தவர்கள். இந்தத் தடவை எங்கே போய்ப் பொங்குவது? தங்கச்சி வீட்டுப் பொங்கலில் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் போட்டு சிவசக்தி கொண்டுவந்திருந்தாள். கோயிலுக்குப் போனார்கள். பயங்கரக் கூட்டம். வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி, ஒரு வாங்கில் மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் பொங்கலைச் சாப்பிட்டார்கள்.

மகள் கறுத்து, கொஞ்சம் சதைபோட்டிருந்தாளாம். புதுச் செருப்பு. கேட்டதற்கெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றாள். கரவனை யார் கழுவுகிறார்கள் என்று தம்பையா கேட்டார். "நான்தாம்ப்பா" என்றாள். சனம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வாங்கில் உட்கார இடம் கேட்டு ஒரு கிழவர் பக்கத்தில் வந்து நின்றார். சிவசக்தி எழுந்து இடம் கொடுத்தாள். அதோடு மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

மொனராகலை பஸ் இரண்டு மணிக்கு. மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்தார்கள். ஒருதரம் சுற்றி வந்தார்கள். இன்னொரு தரமும் சுற்றினார்கள். பிறகு யசோதினி, ஒன்றே காலுக்கு ஒரு பஸ் இருக்காமே, அதிலேயே போகட்டுமா என்று கேட்டாள். தம்பையா, சரி புள்ள, நேரத்தோட போய்ச் சேரு என்றார்.